சிவப்பு வந்தால் நல்ல பிள்ளை

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் ஆய்வுகூடத்தில் கேட்டார்கள். மூலக்கூறுகளை நிறுக்கிற திணிவு நிறமாலைமானியின் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சொன்னால் நல்லது என்றும் சொன்னார்கள். நான் என்னத்தைச் சொல்ல? எழுபதுகளில் நான் அந்த இயந்திரத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. மட்டக்களப்பில் எங்கள் சயரோக கிளினிக்கில் இருந்த ஆகப் பெரிய சாமான்கள் ஒரு நுணுக்குக்காட்டியும், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும்தான். அந்தப் பெட்டி நினைத்தால் குளிரும். நினைக்காவிட்டால் உள்ளே வைத்த சோடா வெளியே வைத்ததை விடச் சூடாக இருக்கும்.

ஆனாலும் அப்படி ஒரு இயந்திரத்துக்குப் போன ஒரு ஈரல் துண்டைப் போத்தலில் போட்டு மூடியது என் கைதான். அதைப் பற்றிச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல என்னிடம் வேறு கதைகள் இருக்கின்றன. அவற்றை நீங்கள் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்கள் வேலை எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு மருந்து ஈரலுக்கு வருகிறது, ஈரல் அதை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் சில வந்த வழியே போகாமல் ஈரலின் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் அந்தப் புரதம் கெட்டது, அளவு மீறினால் ஈரலே கெட்டது. எந்தத் துண்டு, எந்தப் புரதத்தில், எந்த இடத்தில் என்று நிறுத்துச் சொல்கிறது உங்கள் இயந்திரம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கண் மஞ்சளானால் செங்கமாரி என்பது மட்டும்தான்.

சயரோகத்தை எங்கள் பக்கத்தில் கசம் என்பார்கள். அதற்குக் கொஞ்ச நாள் ஊசி, அதன் பிறகு மாதக்கணக்காக மாத்திரை, எங்கள் வாயில் குளிசை. ஊசி போட்டு இருமல் நின்றவுடன் ஆட்கள் குளிசையை விட்டுவிடுவார்கள். விட்டால் நோய் திரும்பி வரும், வந்தால் முன்னை விட மோசமாக வரும். அதனால் கிளினிக்குக்குப் பொறுப்பான டொக்டர், அங்கே ஆய்வுகூட வேலை பார்த்த என்னிடம் ஒரு வேலை தந்தார். வருகிறவர்களின் சிறுநீரில் இரண்டு மருந்துத் துளிகள் விட்டால், குளிசை உடம்புக்குள் போயிருக்கும் பட்சத்தில் அது சிவக்கும். குளிசை கூடப் போயிருந்தால் கடுஞ்சிவப்பு, போகாவிட்டால் வெறும் தண்ணி நிறம். எடுக்காதவர்கள் யார் என்று எனக்கு மெதுவாகச் சொல்லும், நான் கதைத்துப் பார்க்கிறேன் என்றார். அந்த டொக்டர் அதிகம் பேசாத மனிதர். பெயர் சொல்லமாட்டேன். உயிரோடு இருந்திருந்தால் பெயரைச் சொன்னதற்கே ஏசியிருப்பார்.

மெதுவாகச் சொல்லும் என்றுதான் அவர் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? விறாந்தையில் நோயாளிகள் வரிசையாகக் குந்தியிருக்கும் நீள வாங்குக்கு நேரே என் அறை ஜன்னல். அந்த ஜன்னல் பலகையில் சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினேன், கலியாண வீட்டில் பலகாரத் தட்டு வைப்பது போல. யாருடைய குழாய் எது என்று எல்லோருக்கும் தெரியும். சிவந்தவர் நல்ல பிள்ளை, வெளுத்தவர் கெட்ட பிள்ளை. என் வாயும் சும்மா கிடக்கிற வாய் இல்லை. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் சிரித்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

வாகரையிலிருந்து கந்தப்பர் என்று ஒரு வயதான மனிதர் வருவார். ஒருநாளும் சிவக்காது அவருடைய குழாய்.

"என்ன கந்தப்பர், குளிசைய மீனுக்கா போட்டீங்க?" என்று ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்பேன். "உங்கட கடல்ல இனி ஒரு மீனும் இருமாது."

வாங்கு முழுக்கச் சிரிக்கும். கந்தப்பரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வார்?

பூரணம் ஆரையம்பதியிலிருந்து வருவாள். நாற்பது ஆகவில்லை. புருஷன் தம்பிராசா வாவியில் வீச்சுவலை போடுகிறவர். அவள் மற்றப் பெண்களோடு மண்முனைத் துறையில் தோணி ஏறி வாவிக்கு அக்கரையில் படுவான்கரைக்குப் போய், வயல் வட்டைகளில் களை பிடுங்குவாள், வெட்டுக் காலத்தில் கதிர் பொறுக்குவாள். போனால் சில நாட்கள் அங்கேயே வாடிக் குடிசையில் தங்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் அவளுடைய குழாயும் வெளுத்துத்தான் இருந்தது. ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளை ஜன்னலுக்குக் கிட்ட வரச் சொன்னேன்.

"இஞ்ச பார் புள்ள. வீட்டில மனுசன் இருக்கு, கலியாண வயசில மகள் இருக்கு. அதுகளுக்கும் கசத்தக் குடுத்திட்டுத்தான் போகப்போறியா?"

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். அவள் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் வருகிறதாக்கும் என்று நினைத்துவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

அடுத்த முறை வந்தாள். துளி விட்டதும் குப்பென்று சிவந்தது. அப்படி ஒரு சிவப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. குழாயை வெளியே தூக்கிப் பிடித்தேன்.

"எல்லாரும் பாருங்க. இதுதான் சிவப்பு. ஆரையம்பதிப் புள்ளையிட்டப் போய்ப் படிச்சுக்கொண்டு வாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் எங்கள் கிளினிக்கில் நம்பர் வன். ஒரு முறையும் தவறவில்லை. மற்றவர்களுடைய குழாய்களும் மாதத்துக்கு மாதம் சிவக்கத் தொடங்கின. கொழும்பிலிருந்து மேற்பார்வைக்கு வந்த ஒரு பெரியவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். எங்கள் டொக்டர் மட்டும் ஒரு தடவை ஜன்னலடியில் நின்றார்.

"இதை ஏன் வெளியில வைக்கிறீர்?"

"மற்றாக்களுக்கும் புத்தி வரட்டும் சேர்."

"ம்" என்றார். அவருக்கும் உள்ளே நோயாளிகள் காத்திருந்தார்கள். போய்விட்டார்.

அந்த வருடம் வெட்டுக் காலம் முடிகிற நேரம் பூரணம் வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. வெயிலில் நின்று வந்தவள்தானே என்று நினைத்தேன். சிறுநீரை வாங்கினேன். பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. வட்டைக்குள் தண்ணீர் வெந்நீர் குடிக்காமல் கிடந்திருப்பாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். துளி விட்டேன். சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு.

"ஐயா, சோத்தக் கண்டாலே ஓங்காளிக்குது," என்றாள். "விடியக்குள்ள எழும்ப ஒண்ணாது. கை கால் எல்லாம் சோர்ந்துபோகுது."

"அது குளிசை உள்ளுக்க வேலை செய்யுது புள்ள. அப்பிடித்தான் இருக்கும். விட்டிடாத."

"இல்ல ஐயா. விடமாட்டன்."

பிள்ளைகள், நான் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு எனக்கு ஒரு இயந்திரமும் தேவையில்லை, கீழ் இமையை விரலால் இழுத்திருந்தால் போதும். டொக்டர் பக்கத்து அறையில் இருந்தார். "சேர், இந்தப் புள்ளைய ஒருக்காப் பாருங்க" என்று ஒரு வார்த்தை. சோறு பிடிக்கவில்லை, ஓங்காளம், சோர்வு, கறுத்த சிறுநீர். ஒரு தாதி மாணவி கூடச் சொல்லிவிடுவாள் ஈரல் என்று. எனக்கும் தெரியும். ஆனால் சிவப்பைக் கண்ட என் கண்ணுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. நான் வைத்த சோதனையில் அவள் சித்தி அடைந்திருந்தாள், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் தம்பிராசா அவளைக் காரொன்றில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண், உள்ளங்கை, நகம் எல்லாம் மஞ்சள். ஊரில் பரியாரியார் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், வாந்தி நிற்கவில்லை. டொக்டர் வாட்டுக்குள் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சாராயம், கள்ளு? ஐயோ அந்தப் பழக்கம் இல்லை ஐயா என்றார் தம்பிராசா. நாட்டு மருந்து? செங்கமாரி கண்ட பிறகுதான். அதற்குப் பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"குளிசை எப்பிடி எடுத்தவ?"

"நம்பர் வன் சேர். ஒவ்வொரு முறையும் நல்ல சிவப்பு. இந்த முறையும்."

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஒழுங்கா எடுத்த ஆளுக்கு இப்பிடியா?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். எல்லாக் குளிசைகளையும் நிறுத்தச் சொன்னார். அந்த நாளில் இந்தக் குளிசை ஈரலைத் தாக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். நிறுத்தினால் கசம் திரும்பும். அவர் துணிந்துதான் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் இரத்தம் எடுக்க நான் போனேன். பூரணம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். படு படு என்றேன்.

"ஐயா, ஏசாதீங்க," என்றாள். "குளிசைய நிப்பாட்டிட்டாங்க. இந்த முறை சிவப்பு வராது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "நம்பர் வன் ஆள். உன்னை ஏசுவனா?" என்றேன்.

"நான் நம்பர் வன் இல்ல ஐயா. உங்களுக்குப் பொய் சொல்லிட்டன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வாடியில எல்லாப் பொம்பிளையளும் ஒண்டாத்தான் சாப்பிடுற, ஒண்டாத்தான் படுக்கிற. குளிசை எடுத்தா என்ன வருத்தம் எண்டு கேப்பாங்க. கசம் எண்டு தெரிஞ்சா மறுகா ஆரு ஐயா என்னைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க? மகளுக்கும் ஒரு சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கம். அதால குளிசைய வீட்டிலயே வச்சிட்டுப் போயிடுவன்."

"அப்ப சிவப்பு எப்பிடி வந்த?"

"உங்கட கிளினிக்குக்கு முதல் நாளும், அண்டு விடியவும், மிச்சம் கிடக்கிறதையெல்லாம் அள்ளி விழுங்கிடுவன். குளிசையும் முடியும், சிவப்பும் வரும்."

ஊசி என் கையில் இருந்தது. ஊசியைக் குத்தினேன், இரத்தம் எடுத்தேன், பஞ்சை வைத்து அமத்தினேன். "சரி, படு" என்றேன்.

டொக்டரிடம் சொல்லத்தான் போனேன். அவருடைய அறை வாசலில் நின்றேன். "என்ன?" என்றார். "ஸ்பிரிட் முடியப்போகுது சேர்" என்றேன். "எழுதி அனுப்பும்" என்றார். திரும்பி வந்துவிட்டேன். இப்போது சொல்லும்போதும் எனக்குக் காது சுடுகிறது. ஒரு பெண் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு உண்மையைச் சொன்னாள். நான் அதைக் கொண்டுபோய் ஸ்பிரிட் என்று மாற்றினேன்.

அவள் பிழைக்கவில்லை. கடைசியில் சுயநினைவும் இல்லை.

குளிசை ஏற்கனவே நிறுத்தப்பட்டிருந்தது, நான் சொல்லியிருந்தாலும் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் பிற்காலத்தில் சொன்னார். ஒழுங்கான அளவில் எடுத்திருந்தாலும் சிலருக்கு இப்படி வரும், அவளுக்கும் வந்திருக்கக்கூடும் என்றும் சொன்னார். இரண்டும் உண்மைதான். அந்த இரண்டு உண்மைகளையும் நான் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு நெடுநாள் நின்றேன்.

டொக்டருடன் படித்த ஒருவர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். இதே குளிசை ஈரல் புரதத்தை என்ன செய்கிறது என்று திணிவு நிறமாலைமானியில் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரு சின்ன ஈரல் துண்டு அனுப்ப வேண்டும் என்றார் டொக்டர். புருஷனிடம் உத்தரவு கேட்க என்னைத்தான் அனுப்பினார். ஆட்களோடு கதைக்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்ததே.

தம்பிராசா பிரேத அறைக்கு வெளியே குந்தியிருந்தார்.

"வெட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"சின்னத் துண்டுதான் அண்ணன். வெளியில தெரியாது."

"அத வச்சு அவ ஏன் செத்த எண்டு சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க."

"சொன்னா எனக்கு வந்து சொல்லுவீங்களா?"

"கட்டாயம் வந்து சொல்லுவன்."

அவர் தலையாட்டினார். மீனுக்குப் போடும் ஐஸில் வைத்துக் கொழும்புக்கு ரெயிலிலும், அங்கிருந்து விமானத்திலும் அந்தத் துண்டு போனது. என் கையால் மூடிய போத்தல் அதுதான்.

பல மாதங்கள் கழித்து டொக்டர் கூப்பிட்டார். பதில் வந்திருந்தது.

"ஒட்டியிருக்காம்," என்றார். "எவ்வளவு கழுவியும் போகல்லையாம். புரதத்த உடைச்சுப் போட்டுப் பார்த்தா மருந்தின்ட துண்டு வெளியில வருதாம்."

பிள்ளைகள், அந்த நேரம் எனக்கு நெஞ்சு லேசானது. மருந்துதான் கொன்றது, நான் இல்லை. இயந்திரமே சொல்லிவிட்டது. செத்தவள் ஒருத்தியின் ஈரலைப் பார்த்துவிட்டு நான் ஆறுதல் அடைந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு நிமிடம் இருந்ததா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

டொக்டர் விடவில்லை. "ஆனா அளவு கூடவாம். வழமையான அளவில குளிசை எடுத்த ஆளில இவ்வளவு ஒட்டுமா எண்டு கேக்கிறான். வழமையான அளவுதானே?"

நேரே என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓம் சேர்," என்றேன்.

"அப்ப எங்கட ஆக்களின்ட உடம்புக்கு இந்த அளவே கூடப்போல. சாப்பாடு இல்லாத உடம்பு. எல்லாருக்கும் குறைச்சுப் பார்க்கத்தான் வேணும்."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னுடைய ஒரு "ஓம் சேர்" அங்கே இங்கிலாந்தில் ஒருவருடைய கணக்கைப் பிழையாக்கும். அதோடு நிற்காது, இங்கே கிளினிக்குக்கு வரும் அத்தனை பேருக்கும் மருந்தைக் குறைக்கும். குறைத்தால் கசம் அடங்காது. இதெல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று போனேன்.

அடுத்த கிளினிக் நாள். பூரணம் போன பிறகு நான் பகிடி விடுவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் குழாய்கள் மட்டும் அதே ஜன்னலில், அதே வரிசையில்தான் நின்றன. பழக்கம். கந்தப்பருடைய சிறுநீரை எடுத்துத் துளி விட்டேன். செவ்வரத்தம்பூ நிறம்.

ஜன்னலுக்கு வெளியே கந்தப்பர் பல் தெரியச் சிரித்தார். "என்ன ஐயா பாக்கிறீங்க? இண்டைக்கு நான் மீனுக்குப் போடல்ல."

வாங்கு சிரித்தது. வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"எத்தின விழுங்கினீங்க?"

"கிடந்தது எல்லாம்."

"ஆரு சொன்ன அப்பிடிச் செய்யச் சொல்லி?"

"அந்த ஆரையம்பதிப் புள்ளதான். பாவம், செத்துப்போச்சே. நீங்க ஒருக்கா ஏசக்குள்ள எனக்கு மனசு சரியில்லாமப் போயிட்டு. அந்தப் புள்ளதான் பஸ் தரிப்பில வச்சுச் சொல்லித் தந்த. இப்பிடிச் செய்ங்க அப்பு, ஐயா ஒண்டும் சொல்லமாட்டார் எண்டு. எனக்குத்தான் இவ்வளவு நாளும் பயம். போன முறை என்ட வெளுத்த குழாயப் பாத்து வாங்கில எல்லாரும் சிரிச்சாங்களே, அதோட துணிஞ்சிட்டன்."

அவருடைய இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. வாங்கைப் பார்த்துக் கேட்டேன்:

"வேற ஆரும் இப்பிடி ஒண்டா விழுங்கிறனீங்களா? ஏசமாட்டன், சொல்லுங்க."

ஒருத்தர் தரையைப் பார்த்தார், ஒருத்தி மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவினாள், இன்னும் ஒருத்தர் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு சிவப்புக் குழாய்களும் எப்படி வந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொழும்புப் பெரியவர் என் முதுகில் தட்டியது இதற்குத்தான்.

குழாய்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குள் போனேன். உள்ளே ஒரு நோயாளி இருந்தார். அவருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பூரணம் சொன்னது, ஸ்பிரிட், "ஓம் சேர்", கந்தப்பர், எல்லாம்.

டொக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

"வெக்கம் சேர்."

"வெக்கப்பட்டா வெக்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருக்கலாம். வெக்கம் தீர்ந்த பிறகுதான் சொல்ல வேணும் எண்டு ஆரும் சட்டம் போட்டவங்களா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தி ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். தட்டைப் பார்த்து, "இதை நானும் ஜன்னல்ல பாத்தவன்தான்" என்றார். பிறகு எழும்பி வெளியே போனார். வாங்கில் இருந்த ஒருவரும் இரத்தம் கொடுக்காமல் போகக்கூடாது என்றார். குளிசை ஒரு நாள் விட்டால் விட்டதுதான், அடுத்த நாள் ஒன்றே ஒன்று, இரண்டாக எடுத்தால் அதுதான் விஷம் என்று தன் வாயால் ஒவ்வொருவருக்கும் சொன்னார். கந்தப்பருக்கும் இன்னும் சிலருக்கும் ஈரல் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. நிறுத்தி, ஆறவிட்டு, மெதுவாகத் திரும்பத் தொடங்கினோம். தப்பினார்கள். மருந்தின் அளவைக் குறைக்கும் யோசனை கைவிடப்பட்டது. இங்கிலாந்துக்கும் உண்மை போனது.

உங்களுக்குப் பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதில் பாடம் இல்லை. உங்கள் இயந்திரம் பொய் சொல்லாது. ஒட்டியிருக்கிறது என்றால் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது ஏன் அவ்வளவு ஒட்டியது என்பது மண்முனைத் துறையிலும், படுவான்கரை வாடியிலும், என்னுடைய ஜன்னலிலும் இருந்தது. அதை அந்த இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டியவன் நான். உங்களுக்கு வரும் ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் என்னைப் போல ஒருத்தன் இருக்கிறான். அவனை நம்புங்கள், ஆனால் இரண்டாம் முறையும் கேளுங்கள். மற்றது, சோதனை வைக்கும்போது அதில் எப்படிச் சித்தி அடைவார்கள் என்றும் யோசியுங்கள். பயந்த சனம் எப்படியும் சித்தி அடைந்துவிடும்.

அன்று பின்னேரம் டொக்டர் போகும்போது என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பூரணத்தின்ட மனுசனிட்டச் சொல்லுறன் எண்டு சொன்னீர்தானே. எப்ப போறீர்?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆரையம்பதியில் வாவிக் கரையோரமாகத் தம்பிராசா கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பித் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "வாங்க ஐயா, இரிங்க" என்று கவிழ்த்து வைத்த தோணியைக் காட்டினார். மகளுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டதாம், ஆவணியில் கலியாணமாம். தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பவும் வலையோடு குந்தினார். வேண்டாம் என்றேன். தேத்தண்ணி குடித்தால் நான் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். பதில் வந்துவிட்டது, குளிசைதான் ஈரலைக் கெடுத்தது என்றேன். அவள் குளிசைகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக விழுங்கினாள் என்றேன். நான் எல்லோருக்கும் முன்னால் ஏசினதால்தான் அப்படி விழுங்கினாள், அதைவிட நான் புகழ்ந்ததால் விழுங்கினாள், பிழை அவளில் இல்லை, என்னில்தான் என்றேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி மட்டும் நின்றுவிட்டது.

"தெரியும் ஐயா," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ விழுங்கினது. விழுங்கக்குள்ள செம்பில தண்ணி கொண்டு வந்து குடுத்தது நான்தான். கொஞ்சம் கொஞ்சமா விழுங்குகா, தொண்டைக்குள்ள சிக்கிடும் எண்டும் சொன்னன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆஸ்பத்திரியில டொக்டர் ஐயா கேக்கக்குள்ள சொல்லப் பயமாப் போயிட்டு. அண்டையிலிருந்து நான்தான் தண்ணி குடுத்து அவவச் சாகடிச்சன் எண்டுதான் இருக்கன். மகளுக்கும் சொல்லல்ல. கோயிலுக்கும் போறல்ல."

அவருடைய கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன், பிடிக்கவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும் ஐயா?" என்று கேட்டார்.

"வாட்டில இருக்கக்குள்ளயே என்னிட்டச் சொன்னவ."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அப்ப அண்டைக்கே எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஐயா," என்றார்.